கத்தியை உருவினால் போதுமா?

சரஸ்வதி பூஜை விடுமுறைக்கு மகள் குடும்பத்தோடு பூனாவிலிருந்து வந்திருந்தாள். பேரனுக்குப் பதினாலு வயது. கூப்பிட்டால் கோயிலுக்கு வருவான். உச்சிக்காலத்தில் அர்ச்சகர் புடவை கட்டிக்கொண்டு, கிரீடம் வைத்துக்கொண்டு, அகிலாண்டேஸ்வரி சந்நிதியிலிருந்து ஜம்புகேஸ்வரருக்குப் பூஜை செய்யப் போவதை இரண்டு நாள் சேர்ந்தாற்போல நின்று பார்த்தான். ஆனால் வீடு திரும்பியதும் நின்டெண்டோ ஸ்விட்ச் என்கிற அந்தக் கையடக்க விளையாட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு ஊஞ்சலில் உட்கார்ந்துவிட்டால், சாப்பிட மூன்று தரம் கூப்பிட வேண்டும்.

ஆயுத பூஜை அன்று பூஜை அலமாரி முன்னால் எல்லாவற்றையும் அடுக்கிக்கொண்டிருந்தேன். புஸ்தகங்கள், அரிவாள்மணை, ஸ்கூட்டர் சாவி, என் மூக்குக்கண்ணாடிக் கூடு. கடைசியாக பீரோவிலிருந்து ஒரு சின்ன மரப்பெட்டியை எடுத்து வைத்தேன். "அது என்ன தாத்தா?" என்றான். "அப்புறம் சொல்றேன்" என்றேன். "அப்படின்னா என் ஸ்விட்சையும் வைக்கணுமா?" என்று கேட்டான். அதுவும் ஆயுதம்தானே, வை என்றேன். வைத்தால் மறுநாள் புனர்பூஜை ஆகிற வரைக்கும் தொடக்கூடாது என்று தெரிந்ததும் முகம் மாறிவிட்டது. கடைசியில், ஒரு முக்கியமான கட்டத்தில் இருக்கிறேன், அதை மட்டும் முடித்துவிட்டு வைக்கிறேன் என்று பேரம் பேசி, என்னையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டான்.

அந்தக் கட்டத்தைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

2017-ல் வந்த விளையாட்டு. செல்டா என்று தொடங்கும் பெயர். பனிமூட்டம் நிறைந்த காட்டுக்கு நடுவில் ஒரு பெரிய பேசும் மரம், அதற்கு முன்னால் கல்பீடம், பீடத்தில் சொருகிய கத்தி. நம் கதாநாயகன் இரண்டு கையாலும் பிடித்து இழுக்கிறான். இழுக்க இழுக்க, திரையின் மேல்பக்கம் இருக்கும் இதயப் படங்கள் ஒவ்வொன்றாகக் கரைகின்றன. கத்திக்கு வேண்டியது பதிமூன்று இதயம். பேரனிடம் இருந்தது ஒன்பதுதான். அவ்வளவு பலம் இல்லாதவன் பிடிவாதமாக இழுத்துக்கொண்டே இருந்தால் அந்த இடத்திலேயே உயிர் போய்விடுமாம்.

"சமையல் பண்ணிச் சாப்பிட்டா மஞ்சள் இதயம் கிடைக்கும் தாத்தா. ஆனா அது இந்தக் கத்திகிட்ட செல்லாது. சொந்தமா சம்பாதிச்ச இதயம்தான் வேணும்."

சிபாரிசுக் கடிதம் செல்லாது என்கிற மாதிரி! முப்பத்தாறு வருஷம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தவன் நான். யாருக்குப் பதவி உயர்வு, யாருக்கு நல்ல மெஷின் என்பதெல்லாம் எப்படி நடக்கும் என்று பார்த்தவன். அந்தக் கத்திமேல் எனக்கு உடனே ஒரு மரியாதை வந்துவிட்டது.

இந்தக் கதை புதிதல்ல. நாம் ஆங்கிலப் பாடத்தில் படித்த ஆர்தர் ராஜா கல்லிலிருந்து உருவிய கத்திதான் இது. ஹாரி பாட்டர் கதையில் மந்திரக்கோல் தன் எஜமானைத் தானே தேர்ந்தெடுக்கிறது. தோர் என்கிறவனின் சுத்தியலைத் தகுதி உள்ளவன்தான் தூக்க முடியும். பேரன் சொன்னதைக் கேட்டுவிட்டு அந்த சுத்தியலைப் பற்றிக் கொஞ்சம் படித்துப் பார்த்தேன். தகுதி என்கிற நிபந்தனை 1962-ல் அமெரிக்கப் படக்கதைக்காரர்கள் சேர்த்ததாம். வடநாட்டுப் பழைய கதையில் அப்படி ஒன்றும் கிடையாது. அங்கே ஓர் அரக்கன் அந்தச் சுத்தியலைத் திருடிக்கொண்டே போய்விடுகிறான். தோர் மணப்பெண் வேஷம் போட்டுப் போய்த்தான் மீட்டு வருகிறான். 1974-ல் வெளிவந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்கிற மேஜை விளையாட்டில் மந்திரக் கத்திகளுக்கு அறிவும் அகங்காரமும் கொடுத்தார்களாம். குணம் ஒத்துப்போகாதவன் தொட்டால் அவனுக்குத்தான் அடி. இன்றைய கம்ப்யூட்டர் விளையாட்டுகள் பலவற்றுக்கும் அதுதான் தாத்தா.

நமக்கும் இது அந்நியமான எண்ணம் இல்லை. மதுரையில் சங்கப் பலகை இருந்தது, தகுதியுள்ள புலவருக்கு மட்டும் இடம் கொடுத்தது என்று திருவிளையாடல் சொல்கிறது. மதுரை எதற்கு, எங்கள் ஊர் மதிலே போதும். திருவானைக்காவல் வெளி மதிலுக்குத் திருநீற்றான் திருமதில் என்று பெயர். சிவபெருமான் சித்தராக வந்து மதில் வேலையை நடத்தினாராம், கூலியாக ஆளுக்கு ஒரு பிடி விபூதி கொடுத்தாராம். அவரவர் பார்த்த வேலை எவ்வளவோ அவ்வளவுக்கு அது பொன்னாக மாறியது என்பது கதை. ஏமாற்றியவன் கையில் சாம்பல் சாம்பலாகவே இருந்திருக்கும். மேஸ்திரி கணக்கு எழுத வேண்டாம், யாரும் யாரையும் கெஞ்ச வேண்டாம். இதைச் சொன்னபோது பேரன், "இது சூப்பர் தாத்தா, இதை வச்சே ஒரு கேம் பண்ணலாம்" என்றான்.

இந்தக் கதைகள் எல்லா ஊரிலும் ஏன் இருக்கின்றன என்று எனக்கு ஒரு அபிப்பிராயம் உண்டு. மனிதர்கள் தேர்ந்தெடுத்து மனிதர்களுக்கு அலுத்துவிட்டது. ஒரு தடவையாவது மரமோ இரும்போ சாம்பலோ தேர்ந்தெடுக்கட்டும் என்கிற ஆசைதான்.

ஆனால் எடுப்பது மட்டுமே தகுதி என்று இந்த விளையாட்டுகள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதில் எனக்கு ஒரு மனத்தாங்கல் இருக்கிறது. கத்தியை உருவியதும் வாத்தியம் முழங்குகிறது, வெளிச்சம் பாய்கிறது. சோதனை முடிந்துபோகிறது. நம் இதிகாசங்களில் அந்த இடத்தில்தான் சோதனை ஆரம்பிக்கிறது.

ஜனகரின் வில்லை எல்லோருக்கும் தெரியும். எட்டுச் சக்கரம் வைத்த இரும்புப் பெட்டியில் வைத்து ஐயாயிரம் பேர் இழுத்து வந்தார்கள் என்கிறார் வால்மீகி. ராமன் எடுப்பதற்கும் வில் ஒடிவதற்கும் நடுவில் நடந்தது யார் கண்ணுக்கும் படவில்லை என்று கம்பர் அந்த இடத்தை ஒரே நொடியில் முடித்துவிடுவார். ஸ்ரீரங்கத்தில் தாயார் சந்நிதிக்கு எதிரே இருக்கும் கம்பர் மண்டபத்தைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு அந்த இடம் ஞாபகம் வரும். கதாகாலட்சேபக்காரர்களும் அதைத்தான் ஒரு மணி நேரம் சொல்வார்கள். அதற்கு முன்னாலும் பின்னாலும் உள்ள இரண்டு சின்ன இடங்களை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை.

முதலாவது, தாடகையைக் கொன்ற பிறகு விசுவாமித்திரர் தம்மிடம் இருந்த அஸ்திரங்களையெல்லாம் ராமனுக்குக் கொடுக்கிற இடம். அவை உருவம் எடுத்து வந்து, கைகூப்பி, நாங்கள் உன் ஏவலர்கள் என்று நிற்கின்றன. பதினாறு வயதுகூட நிரம்பாத பிள்ளை. நம் பேரன்களாக இருந்தால் உடனே ஒன்றை எடுத்து மரத்தின்மேல் விட்டுப் பார்த்திருப்பார்கள். ராமன் அப்படிச் செய்யவில்லை. நினைக்கும்போது வாருங்கள் என்று அவற்றை மனதில் இருத்திக்கொண்டு, முனிவரிடம் அடுத்ததாகக் கேட்பது, இவற்றைத் திருப்பி அடக்குவது எப்படி, அதையும் சொல்லிக்கொடுங்கள் என்பதுதான்.

இரண்டாவது, கல்யாணம் முடிந்து திரும்பும் வழியில் பரசுராமர் நீட்டிய விஷ்ணுவின் வில். அதையும் ராமன் நாணேற்றிவிடுகிறான். பரசுராமர் மகேந்திர மலைக்குப் போனபின் அந்த வில்லை என்ன செய்தான்? வருணன் கையில் ஒப்படைத்துவிட்டு அயோத்திக்குக் கிளம்பிவிட்டான். ஜெயித்த வில்லை ஒரு நாள்கூட வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை.

இதற்கு நேர் எதிர் அசுவத்தாமன். கும்பகோணம் பதிப்பு மகாபாரதம் எங்கள் வீட்டில் இருக்கிறது. அதில் சௌப்திக பர்வத்தில் கிருஷ்ணன் ஒரு பழைய சம்பவத்தைச் சொல்கிறான். அசுவத்தாமன் ஒருநாள் துவாரகைக்கு வந்து, என் பிரம்மசிரஸ் அஸ்திரத்தை நீ வைத்துக்கொள், உன் சக்கரத்தை எனக்குக் கொடு என்று பண்டமாற்றுக்குக் கூப்பிட்டானாம். பதிலுக்கு ஒன்றும் வேண்டாம், தூக்க முடிந்தால் எடுத்துக்கொள் என்றான் கிருஷ்ணன். இடது கையால் பிடித்து இழுத்தான், அசையவில்லை. வலது கையால் இழுத்தான். உடம்பில் உள்ள பலம் முழுவதையும் போட்டான். சக்கரம் இருந்த இடத்தில் இருந்தது. ஸ்ரீரங்கத்தில் சக்கரத்தாழ்வார் சந்நிதிக்குப் போகிறவர்கள் இந்தக் கதையை நினைத்துக்கொண்டு ஒருதரம் சேவித்துப் பாருங்கள்.

அந்தத் தோர் சுத்தியல் விஷயம் இதேதான், இல்லையா? ஆனால் அடுத்து வருவது அங்கே இல்லை. கிருஷ்ணன் கேட்கிறான்: என் உயிர்த்தோழன் அர்ஜுனன் இதைக் கேட்டதில்லை, என் மகன் பிரத்யும்னன் கேட்டதில்லை, அண்ணன் பலராமனும் கேட்டதில்லை, நீ எதற்காகக் கேட்டாய்? உன்னோடுதான் சண்டை போட என்று ஒளிக்காமல் சொல்கிறான் அசுவத்தாமன்.

பிற்பாடு அவன் பிரம்மசிரஸை ஏவியதும், அர்ஜுனனும் பதிலுக்கு ஏவியதும், வியாசரும் நாரதரும் நடுவில் வந்து நின்றதும் தெரிந்த கதை. இரண்டு பேருக்கும் விடத் தெரிந்தது. அர்ஜுனனால் மட்டும்தான் திரும்ப வாங்க முடிந்தது. மனக்கட்டுப்பாடு இல்லாதவன் அதை அடக்க நினைத்தால் அது அவன் தலையையே வெட்டிவிடும் என்கிறது பாரதம். அசுவத்தாமன் முடியாமல், உத்தரையின் வயிற்றில் இருந்த குழந்தையின்மேல் அதைத் திருப்பினான்.

இதில் எனக்குக் கோபம் அசுவத்தாமன்மேல் அல்ல, அவன் அப்பாமேல். துரோணருக்குத் தன் பிள்ளையின் குணம் தெரியும். அர்ஜுனனுக்குக் கொடுத்ததை எனக்கும் கொடு என்று பொறாமையில் நச்சரித்தான் என்பதால், அரைமனதோடு கொடுத்தார். மனிதர்கள்மேல் விடாதே என்று ஒரு எச்சரிக்கையோடு சரி. இதே துரோணர்தான் ஏகலைவனின் கட்டைவிரலைக் கேட்டு வாங்கியவர். ஏகலைவனை வில் மறுக்கவில்லை. குலைக்கிற நாயின் வாயை, நாய்க்குக் காயம் படாமல் அம்பால் அடைத்தவன் அவன். வில் அவனைத் தேர்ந்தெடுத்துவிட்டது. வாத்தியார் மறுத்தார். தகுதி பார்க்கிறேன் என்று உட்கார்ந்த ஒரே மனிதர், ஒருவனுக்குக் கை கொள்ளாத ஆயுதத்தைக் கொடுத்தார், இன்னொருவனுக்கு இருந்த விரலையும் எடுத்துக்கொண்டார். பேரனிடம் இதைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது போலிருக்கிறது. சமையலறையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள்.

எனக்கு மிகவும் பிடித்தது காண்டீபத்தின் கடைசி நாட்கள். கிருஷ்ணன் போனபிறகு துவாரகைப் பெண்களையும் குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு அர்ஜுனன் வருகிறான். வழியில் தடியோடு கொள்ளைக்காரர்கள். பாரதப் போரில் நின்றவனுக்கு இவர்கள் எம்மாத்திரம்? ஆனால் வில்லில் நாண் ஏற்றவே பிரயாசையாக இருக்கிறது. அஸ்திர மந்திரம் ஞாபகம் வரவில்லை. எடுக்க எடுக்கக் குறையாத அம்பறாத்தூணி காலியாகிவிடுகிறது. வில்லாலேயே அடித்துப் பார்க்கிறான். கண்முன்னே பெண்களைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். வியாசரிடம் போய் அழுகிறான். வந்த காரியம் முடிந்தது, அவை வந்த இடத்துக்குப் போய்விட்டன என்கிறார் அவர்.

அப்படியும் அர்ஜுனன் அந்த வில்லை விடவில்லை பாருங்கள்! ராஜ்யத்தை விட்டு, மரவுரி கட்டிக்கொண்டு, மகாபிரஸ்தானம் என்று கிளம்பிய பிறகும் காண்டீபத்தைத் தோளில் போட்டுக்கொண்டு போகிறான். ஆசைதான். அக்கினி வந்து வழிமறித்து, இது நான் வருணனிடம் வாங்கிக் கொடுத்தது, திருப்பிக் கொடு என்று கேட்ட பிறகுதான் தண்ணீரில் போடுகிறான். ஆர்தர் கதையின் முடிவும் இப்படித்தான். சாகும்போது, என் கத்தியை ஏரியில் எறிந்துவிட்டு வா என்று ஒரு வீரனை அனுப்புகிறான். அவனுக்குக் கத்தியின் பிடியில் இருந்த ரத்தினங்கள்மேல் கண். இரண்டு தடவை ஒளித்து வைத்துவிட்டு, எறிந்துவிட்டேன் என்று பொய் சொல்கிறான். மூன்றாவது தடவைதான் எறிகிறான். தண்ணீரிலிருந்து ஒரு கை வந்து வாங்கிக்கொள்கிறது.

கல்லிலிருந்து உருவுவதை மட்டும் எடுத்துக்கொண்டு, ஏரியில் போடுவதை விட்டுவிட்டார்கள் என்று பேரனிடம் சொன்னேன். அவன் ஒப்புக்கொள்ளவில்லை. 2023-ல் வந்த அடுத்த பாகத்தில் ஆரம்பத்திலேயே அந்தக் கத்தி உளுத்து உடைந்துபோகிறது, அதைக் கொடுத்து அனுப்பித்தான் சரிசெய்ய வேண்டும் என்றான். முதல் பாகத்திலேயே சக்தி தீர்ந்துவிட்டால் பத்து நிமிஷம் அதற்கு ஓய்வு கொடுக்க வேண்டுமாம். சரி, நான் சொன்னதில் பாதியை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். எனக்கு அவ்வளவுதான் விளையாட்டு தெரியும்.

இனி அந்த மரப்பெட்டி. பேரனுக்குச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டேனே.

அதற்குள் இருப்பது ஒரு மைக்ரோமீட்டர். இங்கிலாந்தில் செய்தது, மூர் அண்ட் ரைட். 0 முதல் 25 மில்லிமீட்டர் வரை, நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் அளக்கும். டூல் ரூமில் பித்தளை டோக்கனைக் கொடுத்துவிட்டுத்தான் எதையும் எடுக்க வேண்டும், சாயங்காலம் திருப்பிக் கொடுத்தால் டோக்கன் திரும்ப வரும். சீனியர் ஆனபிறகு அது என் மேஜை டிராயரிலேயே நிரந்தரமாகத் தங்கிவிட்டது. வேறு யாரும் தொடமாட்டார்கள்.

ஹெல்ப்பராக வந்து படிப்படியாக மேலே வந்த ஒரு பையன் இருந்தான். சின்னக் கை, நிதானமான கை. அவன் ஒருநாள், "சார், ஒரு அவசர வேலை, அதைக் கொஞ்சம் தரீங்களா?" என்று கேட்டான். "உனக்கு இன்னும் நாளிருக்கு தம்பி" என்றேன். பிறகும் இரண்டு தடவை கேட்டான். அதே பதில். ஐ.டி.ஐ. படிக்காதவன் கையில் அதைக் கொடுப்பதா என்பதுதான் என் மனதில் இருந்தது. வேலையை வைத்து நான் முடிவு செய்யவில்லை. அவன் நாலாவது தடவை கேட்கவில்லை.

ரிட்டையர் ஆகும்போது நோ டியூஸ் வாங்க வேண்டும். ஸ்டோர்ஸ் படிவத்தில் மைக்ரோமீட்டர் வரிக்கு எதிரே, காணாமல் போய்விட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தேய்மானம் போகக் கணக்கு விலை நூற்றுச் சொச்சம் ரூபாய், செட்டில்மென்டில் பிடித்துக்கொண்டார்கள். பணம் கட்டிவிட்டோமே, அப்புறம் என்ன தப்பு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பதினாறு வருஷமாக அது பீரோவில் இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு தடவை சந்தனம் குங்குமம் வைக்கிறேன். ஒன்றையும் அளந்ததில்லை.

பேரன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்த அங்கிள் இப்ப எங்க இருக்கார்?" என்றான். பிள்ளைகள் இப்படித்தான், சுற்றி வளைக்கத் தெரியாது.

கொண்டையம்பேட்டையில்தான் இருக்கிறார். அவருக்கும் தலை நரைத்துவிட்டது. வீட்டை ஒட்டிச் சின்னதாக ஒரு லேத் பட்டறை வைத்திருக்கிறார். விஜயதசமி அன்று புனர்பூஜை ஆனதும் பேரனைக் கூட்டிக்கொண்டு போனேன். திண்ணையில் உட்கார வைத்து, காபி கொடுத்து, "சார் எதுக்கு இவ்வளவு தூரம்?" என்றார். பெட்டியைக் கொடுத்து, நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். படிவத்தில் எழுதிய பொய்யையும் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. இப்போதெல்லாம் டிஜிட்டல்தான் சார் என்று மட்டும் சொல்லிக்கொண்டே பெட்டியைத் திறந்தார்.

சட்டைப் பையிலிருந்து ஒரு வெள்ளைக் காகிதத் துண்டை எடுத்தார். அளக்கும் இரண்டு முகத்துக்கும் நடுவில் வைத்து லேசாக மூடி, காகிதத்தை மெதுவாக உருவினார். முகத்தில் படிந்த எண்ணெயும் தூசியும் காகிதத்தில் வந்துவிட்டன. பிறகு ராட்செட்டைத் திருகி மூன்று தரம் கிளிக் சத்தம் கேட்கும்வரை மூடி, வெளிச்சத்தில் பிடித்து, ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். பேரனிடம் நீட்டி, கோடு எங்கே நிற்கிறது பார் என்று காட்டினார்.

"சைபர் ரெண்டு கோடு தள்ளியிருக்கு சார்" என்றார் என்னைப் பார்த்து. "உட்காருங்க, ஸ்பேனர் எடுத்துட்டு வரேன்."